சாவி அண்ணா சுற்றிய சுருள்

சாவி அண்ணாவின் கடை ரயில் நிலையத்துச் சுரங்கப் பாதையில், இரண்டாவது படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. கடை என்றால் ஒரு கட்டில் போடும் அகலம்தான். பின்சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணிகளில் தொங்கும். மேலே ரயில் போகும்போதெல்லாம் அத்தனை சாவியும் ஒருமுறை சிலிர்த்து அடங்கும். முப்பத்தொரு வருடமாக அதே முக்காலி. அவர் சட்டைப் பையின் ஓரத்தில் எப்போதும் பித்தளைத் தூள் மின்னும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது என்று அண்ணி குறைப்பட்டுக்கொள்வார்.

பூட்டைத் திறக்கும்போது அவர் பூட்டைப் பார்க்க மாட்டார். எதிர்ச் சுவரையோ போகிறவர்களின் செருப்பையோ பார்ப்பார். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். வாயை மூடினால் காது பாதிதான் வேலை செய்யும் என்பது அவர் கட்சி. உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்கும். எங்களுக்குக் கேட்காது, அவருக்குக் கேட்கும். கேட்டதும் கை நின்றுவிடும். அதற்கு மேல் அரை இழை திருக மாட்டார்.

கேமரா அவரிடம் வந்ததும் ஒரு பூட்டு வழியாகத்தான். சாவி தொலைந்த பழைய அலமாரி ஒன்றைத் திறக்கப் போயிருக்கிறார். உள்ளே நாலு கம்பளியும் ஒரு ஃபிலிம் கேமராவும். வீட்டுக்காரர், "எனக்கெதுக்கு இது, நீங்களே வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டார். ஃபிலிம் போடுவதற்கு முன்பே அதை மூன்று முறை பிரித்துப் பூட்டிவிட்டாராம். "படம் எடுக்கறதுக்கு முன்னாடியே முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி. கல்யாணத்துல அப்படி நடக்காது" என்று அண்ணி காதுபடவே சொல்வார். "நல்ல வேளை, என்னைப் பிரிக்காம விட்டீங்க" என்பார் அண்ணி.

நான் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசும் மொழியில் இதுவரை ஒரு நகைச்சுவைகூடச் சொன்னதில்லை. சொல்லி, யாரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது? வாய்விட்டுப் பேசியது எங்கள் ஃபிலிம் குழுவில்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் நூலகத்து மாடியில் கூடுவோம். பக்கத்தில் குழந்தைகள் பகுதி என்பதால் அந்த அறையில் இருப்பதெல்லாம் குட்டி நாற்காலிகள். பதினைந்து பேர் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டு, கடைசியாக எடுத்த சுருளைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவோம். என்ன ஃபிலிம், எந்த மருந்தில் கழுவியது, எத்தனை நிமிடம், ஏன் இவ்வளவு வெளிறியிருக்கிறது, இந்தக் கால் யாருடையது.

எங்கள் சட்டாம்பிள்ளை கணக்கு டீச்சர். அவர் போட்ட விதி ஒன்றுதான்: சுருளில் உள்ள முப்பத்தாறும் காட்ட வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது. முழுச் சுருளையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் பெரிய படத்தை எடுக்கலாம். "தப்பை மறைக்கிறவன் கணக்குல தேற மாட்டான், இதுலயும் தேற மாட்டான்" என்பார். பல் டாக்டரிடம் பதினொரு கேமராக்கள் இருந்தன. பதினொன்றிலும் தன் பூனையைத்தான் எடுத்தார். "டாக்டர், பூனை வாயைத் திறந்து காட்டிச்சா, இல்ல நீங்களே திறந்தீங்களா?" என்று டீச்சர் கேட்காத மாதம் கிடையாது.

குழுவில் எனக்கிருந்த மரியாதை முழுவதும் என் குளியலறையால் வந்தது. அதன் ஜன்னலைக் கறுப்புத் தாளால் அடைத்து வைத்திருந்தேன். நூறடி நீள ஃபிலிமை வாங்கி, இருட்டில் அளவாக வெட்டி, பழைய டப்பிகளில் சுற்றி எல்லோருக்கும் கொடுப்பது என் வேலை. எடுத்து முடித்த சுருள்களைக் கழுவிக் கொடுப்பதும் நான்தான். எல்லா டப்பியும் கறுப்பு, எதிலும் ஒட்டுச்சீட்டு கிடையாது. அடையாளம் ஒன்றே ஒன்று. டப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிமின் முனையை நாங்கள் நாக்கு என்போம். நாக்கு வெளியே இருந்தால் புதுச் சுருள். எடுத்து முடித்தவர் அதை முழுக்க உள்ளே சுற்றிவிட வேண்டும். நாக்கு இல்லையென்றால் எடுத்தாயிற்று என்று பொருள்.

சாவி அண்ணாவுக்கு மட்டும் அது முடியவில்லை. ஃபிலிமைத் திரும்ப டப்பிக்குள் சுற்றும்போது, கடைசியில் முனை கேமராவின் எதிர்ப்பக்கத்து உருளையிலிருந்து விடுபடும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டதும் அவர் கை நின்றுவிடும். நாக்கு வெளியிலேயே இருக்கும்.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்கண்ணா, அவ்வளவுதான்" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"மனசு வரலே தம்பி. திறந்துடுச்சுன்னு சொன்னப்புறமும் பூட்டைத் திருகுற மாதிரி இருக்கு."

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். நாக்கின் மூலையை இரண்டு தடவை மடித்துக் கொடுங்கள், நான் புரிந்துகொள்கிறேன் என்றேன். ஆக, மடித்த நாக்கு என்றால் சாவி அண்ணா எடுத்து முடித்த சுருள். இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. நான் செய்த ஏற்பாடு.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் இருந்தவர். வரிசையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது தண்ணீர் வாயில் நிற்காமல் இடப்பக்கமாக வழிந்திருக்கிறது. முகவாதம். முக்கால்வாசிப் பேருக்கு சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார்களாம். அண்ணி அந்த மீதிக் கால்வாசியில் சேர்ந்துவிட்டார். இடக்கண் முழுதாக மூடாது; உதட்டின் அந்த ஓரம் கீழே தொங்கும். யாரும் போகச் சொல்லாமல் அவராகவே கேட்டு, பின்னால் இருக்கும் கோப்பு அறைக்கு மாற்றிக்கொண்டார். மூன்று வருடமாக யார் கேமராவுக்கும் முன்னால் நின்றதில்லை. கணவர் கேமராவை எடுத்தாலே தலையைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் ரயிலிறங்கி வரும்போது சாவி அண்ணா கடையிலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். என் உள்ளங்கையில் ஒரு டப்பியை வைத்து விரல்களை அவரே மடித்துவிட்டார்.

"தம்பி, அவ உக்காந்தா."

"யாரு?"

"யாரா? எங்க வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க? அவதான். போன ஞாயித்துக்கிழமை. முழுச் சுருளும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. அவ பாக்கறதுக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா பாக்கக் கூடாது. அவ பாத்து, வேணாம்னு சொன்னா அடுப்புல போட்டுடணும். நீங்க கழுவுவீங்க, வேற வழியில்ல. ஆனா பாக்காதீங்க. காயவெச்சுச் சுத்திக் குடுத்துடுங்க. குழுவுலயும் காட்டப்போறதில்ல. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சத்தியமாப் பாக்க மாட்டேண்ணா."

"சத்தியமெல்லாம் எதுக்கு? நீங்க சொன்னாப் போதும்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரர், புது மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்ததை எடுத்துப் புதுச் சுருள் வைக்கும் தகர டப்பாவின் மூடிமேல் வைத்தேன். எடுத்த சுருள்களுக்கான பெட்டி இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. அடுத்த சனிக்கிழமை கூட்டம். என்னிடம் காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. காலையில் அவசரமாகத் தகர டப்பாவைத் திறந்தால் காலி. மூடிமேல் ஒன்று இருந்தது. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மூலை மடிந்திருந்தது.

அந்த மடிப்பைப் பார்க்கவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். எங்கேயோ இடிபட்டு நசுங்கியிருக்கிறது என்று கை முடிவு செய்தது. தலை அதற்கு ஒத்துக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்து மடிந்த மூலையை வெட்டினேன். கேமராவில் போட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஐந்து மாடிக் கார் நிறுத்தத்துக்குப் போய், காலியாகக் கிடந்த தளங்களையும் தூண்களையும் முப்பத்தாறு தடவை எடுத்தேன்.

புதன்கிழமை ஐந்து சுருள்களைக் கழுவித் துணி மாட்டும் கம்பியில் தொங்கவிட்டேன். ஆறு இருந்திருக்க வேண்டும். சாவி அண்ணாவுடையது எங்கே என்று பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கும்போதே என் சுருள் கண்ணில் பட்டது. தூண்களுக்குள் யாரோ இருந்தார்கள்.

உட்காரக் குளியலறையில் ஒன்றுமில்லாததால் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்தால், இரண்டாவது படத்தில் எங்கெல்லாம் இருட்டோ அங்கெல்லாம் முதல் படம் தெரியும். கார் நிறுத்தத்தின் ஒவ்வொரு நிழலிலும் அண்ணி இருந்தார். தூணில் பாதி முகம். சரிவுப் பாதையில் கழுத்தும் காதும். இருபத்து மூன்றாவது படத்தில், அம்புக்குறி போட்ட தூண் முழுக்க அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் பளிச்சென்று மேலேறிய சிரிப்பு, இடப்பக்கம் தூணின் விரிசலோடு சேர்ந்து கீழே இறங்கியது. பாக்க மாட்டேன் என்று சொன்னவன் முப்பத்தாறையும் பார்த்தேன்.

அன்றே ஓடிப் போய்ச் சாவி அண்ணா காலில் விழுந்திருந்தால் இது ஒரு கைத்தவறு. அதோடு போயிருக்கும். நான் செய்தது வேறு. அவை நான் எடுத்த படங்களிலேயே நல்ல படங்கள். நானாக எடுத்ததில் ஒன்றுகூட அதற்குப் பக்கத்தில் வராது. சனிக்கிழமை சாவி அண்ணா வர மாட்டார், ஏதோ பள்ளிக்கூடத்தில் அறுபது பூட்டு மாற்றும் வேலை என்று சொல்லியிருந்தார். இப்படித் துண்டுதுண்டாகத் தெரிகிற முகத்தை யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு படங்களைப் பெரிதாக அச்சிட்டேன்.

சனிக்கிழமை எல்லோரும் குட்டி நாற்காலிகளை விட்டு எழுந்து மேசைமேல் குனிந்தார்கள். அந்த அறையில் அப்படி நடந்ததே இல்லை.

"இது வேணும்னே பண்ணதா, கை தவறிப் போச்சா?" என்றார் பல் டாக்டர்.

"வேணும்னு பண்ணதுதான்."

"யாரு அந்தம்மா?"

"தெரிஞ்சவங்க."

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரிக்கிற தூணைக் கையில் எடுத்தார். "இத்தனை வருஷமா நானும் பாத்துட்டு இருக்கேன், உன் படத்துல ஒரு மனுஷனும் இருந்ததில்ல. இன்னைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கு. இதைக் கீழே நூலகச் சுவர்ல மாட்டணும்டா." பல் டாக்டர் என் முதுகில் தட்டினார். "என் பூனை பிச்சை வாங்கணும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினோரு வருடத்தில் இந்த ஊரில் ஒரு அறை முழுக்க என்னைப் பார்த்து மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

கருவிப் பை கதவில் இடிக்கும் சத்தம் கேட்டது. "பள்ளிக்கூடத்துல பாதிப் பூட்டு வந்து சேரல, திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க" என்றபடி சாவி அண்ணா உள்ளே வந்தார். "என்ன, இன்னைக்குப் பூனைக்கு லீவா?"

"சாவி அண்ணா, இங்க வாங்க. தம்பி என்ன பண்ணியிருக்கார் பாருங்க" என்று டீச்சரே அவருக்கு இடம் விட்டார்.

அவர் பார்த்தார். ஆறு படத்தையும் பார்த்தார். பிறகு முழுச் சுருளும் இருந்த தாளைக் கையில் எடுத்து முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை மெதுவாகப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, பூட்டைக் கேட்கும்போது இருக்குமே, அப்படி. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எத்தனை நிமிஷம் குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பதினொண்ணு."

"ம்."

அவ்வளவுதான். ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் படங்களைப் பற்றிப் பேசினார்கள். கேட்டால் பதில் சொன்னார். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அது எப்போதும் அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. என்னுடையதையும் எடுத்து அடுக்கினார். படியில் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, நான்..."

"இப்ப வேணாம் தம்பி. பேசிக்கிட்டே படி இறங்கினா எனக்கு மூச்சு வாங்கும்."

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை, நெகடிவ்களையும் படங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி இரண்டு முறை படித்தும் பார்த்திருந்தேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். "தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளுங்க தம்பி, இல்லாட்டி நகராது. ஊர்ப் பூட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவர் வீடு, அப்படித்தான் இருக்கும்." உள்ளே போய்ச் சுவரோரமாக, இடப்பக்கம் சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். சாவி அண்ணா காப்பி போட்டுக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார், இன்னொரு டம்ளரை எடுத்து வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க அண்ணன் பண்ண கூத்தைச் சொன்னாரா? முப்பத்தாறு படம் எடுத்துட்டு, திரும்பச் சுத்தாமலே பின்கதவைத் திறந்துட்டாராம். எல்லாம் வெளிச்சம் பட்டுப் போச்சாம். எந்தப் பூட்டைப் பாத்தாலும் திறந்துடணும் இவருக்கு!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வயசாச்சுல்ல" என்றார்.

"வயசாச்சாம். மூணு தடவை துணி மாத்திக்கிட்டு உக்காந்தேன் தம்பி. முதல் பத்துப் படத்துல முறைச்சுக்கிட்டேதான் இருந்தேன். அப்புறம் இந்த மனுஷன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போய், துணிக்கூடையில உக்காந்துட்டார். கேமராவை மட்டும் மேலே தூக்கிப் பிடிச்சிருக்கார், அது உடையக் கூடாதாம்! சிரிச்சேன் பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சேன். கூடைக்குள்ள இருந்தே எடுத்தார்." சிரிப்பு அடங்கியபின் உதட்டின் இடது ஓரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "அந்தச் சிரிப்பு எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை. கண்ணாடி முன்னாடி நின்னா சிரிப்பு வராதுல்ல. எனக்கு எப்படித் தெரியும், நான் இப்ப எப்படிச் சிரிக்கறேன்னு?"

அது என் மடியில், பைக்குள், பெரிதாக அச்சாகி இருந்தது. பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

என் கை பையின் பட்டனுக்குப் போனது.

"தம்பி, காப்பி ஆறுது" என்றார் சாவி அண்ணா.

கை நின்றது. குடித்தேன். "இன்னொரு நாள் எடுத்தாப் போச்சு அண்ணி" என்று ஏதோ உளறினேன்.

"ஐயோ, ஆளை விடுங்க. ஒரு தடவை தைரியம் வந்துச்சு, வந்தது போயிடுச்சு" என்று எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

சாவி அண்ணா கீழே வாசல்வரை வந்தார். மாடிப்படி விளக்கடியில் நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"நான் சொன்ன பொய் உங்களுக்காக இல்ல. அதை முதல்ல தெரிஞ்சுக்கங்க."

"நானே அவங்ககிட்ட சொல்லி மன்னிப்பு..."

"சொன்னா உங்களுக்கு லேசாயிடும். அவளுக்கு? பதினாலு பேர் பாத்தாங்கன்னு தெரிஞ்சா அந்தக் கோப்பு அறையை விட்டே வெளியே வர மாட்டா." பையை வாங்கிக்கொண்டார். "எல்லாம் இதுல இருக்கா?"

"எல்லாம் இருக்குண்ணா. பெரிய படங்களும்."

"பாத்தவங்க கண்ணுல இருக்கறதை எப்படி வாங்கறது?" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு, "சிரிப்பு எத்தனாம் நம்பர்?"

"இருபத்தி மூணு."

அந்த நெகடிவ் துண்டை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். கூடைக்குள் விழுந்தபடி எடுத்த தன் படத்தை, என் தூணோடு, வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அதான் கஷ்டமா இருக்கு." பையோடு மேலே ஏறிப் போனார். அதை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி எனக்கில்லை.

நூலகச் சுவரில் மாட்ட டீச்சர் படங்களைக் கேட்டபோது, ஈரம் பட்டு நெகடிவ் கெட்டுவிட்டது என்றேன். "பெரிய படம் இருக்குமே?" என்றார். அதுவும் போய்விட்டது என்றேன். இவனுக்கு என்ன அடக்கம் பார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சாவி அண்ணா நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். என்னோடு முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். கழுவும் தொட்டி ஒன்றைத் தானே வாங்கி, இப்போது வீட்டிலேயே கழுவிக்கொள்கிறார். என்னிடம் சுருள் கொடுப்பதில்லை. கதவு, பூட்டு, சுரங்கப் பாதையில் நடக்கிறவர்களின் செருப்பு இவைதான் அவர் படங்கள், முப்பத்தாறையும் காட்டுகிறார். மனிதர்கள் இருப்பதில்லை.

போன மாதக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் படத்தை ஜன்னலைப் பார்த்து எடுத்துவிட்டுச் சுருளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். பல் டாக்டர் பூனையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் இப்போது அந்தச் சத்தம் கேட்கப் பழகிவிட்டது. 'டக்' என்றது. நான் அவர் கையைப் பார்த்தேன்.

நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு சுற்று சுற்றினார். கேமராவைத் திறந்து, நாக்கு இல்லாத டப்பியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.